ஒரு கம்பி, இரண்டு சைக்கிள்

மார்லிஸுக்கு அறுபத்து மூன்று வயது. வலது முழங்காலுக்குள் இருப்பது போன வருஷம் வைத்த புது மூட்டு. கணவன் லோவெல் அவளைவிட மூன்று வயது பெரியவன். முப்பது வருஷம் மாவட்டச் சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மினசோட்டாவில் செயின்ட் கிளவுட் ஊரில் வீடு. கோடை வந்தால் சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றி, கடல் தாண்டி ஏதாவது ஒரு மலையில் மிதித்துவிட்டு வருவது இருவருக்கும் வழக்கம். இருவருக்கும் என்பது ஒரு பேச்சுக்குத்தான்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது படங்கள் மாட்டியிருக்கும். ஒன்பது வருஷம், ஒன்பது மலை. ஒவ்வொன்றிலும் உச்சிப் பலகைக்கு முன்னால் இருவரும் ஹெல்மெட் போட்டுத் தோளோடு தோள் நிற்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, "என்ன ஜோடிப்பா!" என்று வியப்பார்கள். ஒன்பது தடவையும் மார்லிஸ் மூட்டை முடிச்சுகளை ஏற்றிப் போகும் வண்டியில்தான் மேலே வந்தாள், ஹெல்மெட்டை உச்சியில் இறங்கித்தான் போட்டுக்கொண்டாள் என்பது வந்தவர்களுக்கு எங்கே தெரியும்? சமதரையிலும் சின்ன மேட்டிலும் அவள் மிதிப்பாள். பெரிய ஏற்றம் வருகிற நாளன்று மட்டும் லோவெல் காலையிலேயே சொல்லிவிடுவான்: "நேரமாயிடும் மார்லிஸ். நீ மூட்டையோட வந்துடு."

மூட்டு மாற்றிய பிறகு, முதல் தடவை காலை மடக்கச் சொன்ன அன்று, அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போது லோவெல் பக்கத்தில் நின்று அவள் தலையைத் தடவி ஒரு வார்த்தை சொன்னான்.

"அடுத்தது உன் மலை. நீ முன்னால போ, நான் பின்னால வரேன். நீ நின்னா நான் நிப்பேன். சரியா?"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டுக்குக் கீழே நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சைக்கிளை ஒரு தாங்கியில் நிறுத்தி மிதித்தாள். வெளியே பனி இடுப்பளவு. உள்ளே வியர்வை தரையில் சொட்டும். ஐந்து மாதம். அவள் மலையின் பெயர் விர்ஷிச். ஸ்லோவேனியாவில் இருக்கிறது. கீழேயிருந்து உச்சிக்கு இருபத்து நாலு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை. அத்தனையையும் படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் கார் நிறுத்தும் கொட்டகையில் இரண்டு அட்டைப் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன.

"என் வண்டியை இந்தத் தடவை நானே கட்டறேன்" என்றாள்.

"நீயா? பெடல் எந்தப் பக்கம் கழலும்னு தெரியுமா?"

"இடது பெடல் தலைகீழா கழலும். ஒன்பது வருஷமா நீ கத்தறதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

லோவெல் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். கையில் பட்டியல். நாற்பத்தொரு வரி, ஈரம் படாதபடி பிளாஸ்டிக் உறை போட்டது.

"முன்சக்கரத்துக் கம்பியை உருவினியே, அதை இப்ப என்ன பண்ணணும்?"

முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்தும் கம்பி அது. விரல் கனம், அரைச்சாண் நீளம். ஒரு நுனியில் திருகு மரை.

"சக்கரம் இல்லாத வெறும் கவையிலேயே திரும்பப் போட்டு முறுக்கணும்."

"ஏன்?"

"தனியாக் கெடந்தா தொலைஞ்சுடும், வாத்தியாரே."

"தொலைஞ்சா?"

"அந்தக் கம்பி இல்லாம வண்டி வெறும் இரும்பு. போதுமா? போய் உன் வண்டியைப் பாரு."

அவன் போகவில்லை. அவள் கட்டிய ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தான். கீறல் படாமலிருக்கப் போடும் நுரைக்குழாயை அப்படிச் சுற்றாதே, இப்படிச் சுற்று என்றான். அவள் வேலை முடிந்த பிறகு, இருட்டுவதற்குள் முடிக்கவேண்டுமே என்று தன் வண்டியை அவசர அவசரமாகக் கட்டி ஒட்டினான்.

மினியாபொலிஸ் விமான நிலையத்தில் எடை பார்த்தபோது அவன் பெட்டி ஐம்பத்தேழு பவுண்டு, அவள் பெட்டி நாற்பத்து மூன்று. ஐம்பதுக்கு மேல் போனால் கூடுதல் கட்டணம். லோவெல் அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டையும் பிரித்தான். அவனுடைய ஷூ, பூட்டு, கருவிப் பை எல்லாம் அவள் பெட்டிக்குள் போயின.

"பாத்தியா, ரெண்டும் ஐம்பது. சமமாயிடுச்சு."

"ஆமா. உன் சுமையை நான் தூக்கினா எல்லாம் சமம்தான்."

எடை போட்ட பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லோவெலும் சிரித்தான். அவனுக்கு அது வேடிக்கைப் பேச்சாகவே பட்டது.

கிரான்ஸ்கா கோரா என்பது மலையடிவாரத்து ஊர். அவர்கள் இறங்கிய விடுதியை நடத்துகிறவள் மெட்கா, ஐம்பது வயதுக்காரி. அறையும் அவளுடையது, மூட்டைகளை அடுத்த ஊர் விடுதிக்குக் கொண்டுபோய் இறக்கும் வண்டியும் அவளுடையது. வந்த அன்று மத்தியானம், விடுதிக்குப் பின்புறம் இருந்த சைக்கிள் அறையில் இருவரும் பெட்டிகளைப் பிரித்தார்கள். மார்லிஸ் தன் வண்டியை இருபது நிமிஷத்தில் பூட்டிவிட்டாள். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். உரசல் இல்லாமல் ஓடியது. திரும்பினால், லோவெல் தன் பெட்டியைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தான்.

"என்ன தேடறே?"

மூலைகளைத் துழாவினான். பைகளைக் கொட்டினான். அவள் பையையும் கொட்டினான்.

"லோவெல், என்ன தேடறே?"

"கம்பி."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். பக்கத்து வீட்டு ஆர்லனிடம் கொட்டகைச் சாவி இருந்தது. அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் படம் அனுப்பினான். குளிர்பெட்டியின் மூடிமேல், காபிக் கோப்பைக்குப் பக்கத்தில், கம்பி பத்திரமாக இருந்தது. நாற்பத்தொரு வரிப் பட்டியலில் கம்பி இல்லை. அது சக்கரத்தோடு சேர்ந்தது, தனியாக எழுதுவானேன் என்று விட்டிருந்தான்.

"நீ பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தே. அதான்" என்றான்.

"நான் குனிஞ்சு என் வண்டியைக் கட்டிக்கிட்டு இருந்தேன். தலைமாட்டுல நின்னு பேசினது நீ."

"சரி, இப்ப சண்டை வேணாம். நீ குளி. நான் சைக்கிள் கடைக்குப் போயிட்டு வரேன்."

ஒரு மணி நேரம் கழித்து வந்தான். "நாலு கம்பி போட்டுப் பார்த்தான். ஒண்ணு குட்டை. மூணுக்கு மரை சேரலை. சரியானதை வரவழைக்க எழுதிப் போட்டிருக்கான். நாளன்னிக்கு நமக்கு எந்த ஊரோ அங்க அனுப்பிடறானாம்."

"வாடகை வண்டி?"

"ஒண்ணும் இல்லை. நாளைக்கு மாதா திருநாள் லீவு. ஊரே சைக்கிள் மேல உக்காந்திருக்கு."

இரண்டும் ஒரே மாதிரி வண்டி, எதன் கம்பியும் எதற்கும் சேரும். இரண்டு சைக்கிள், ஒரு கம்பி. மலை நாளைக்கு. அந்தக் கம்பி அவளுடையது. இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று மார்லிஸ் நினைத்தாள். 'நீ போய் மிதி, இந்தத் தடவை மூட்டையோட நான் வரேன்' என்று அவனே சொல்வான், சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவள் கேட்டு அவன் விட்டுக்கொடுப்பதில் அவளுக்கு ருசி இல்லை. சாப்பிடும்போது அவன் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பேசினான். கறி கொஞ்சம் வேகவில்லை என்றான்.

"ஒரு நாள் கூட இங்கேயே தங்கிட்டா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அறையெல்லாம் தேதி போட்டு எடுத்தது. முடியாது. காலைல பாத்துக்கலாம்."

காலையில் அவள் கண் விழித்தபோது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. தலையணைமேல் ஒரு காகிதம்.

'கண்ணு, அசந்து தூங்கினே, எழுப்ப மனசு வரலை. வெயிலுக்கு முன்னாடி ஏறிடறேன். நீ மெட்காவோட மூட்டை வண்டியில வந்துடு. ஹெல்மெட் எடுத்துக்க, போட்டோவுக்கு வேணும்.'

அவளிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளும்போது மட்டும்தான் அவன் கண்ணு என்பான்.

சைக்கிள் அறைக்கு ஓடினாள். அவள் வண்டி கவை தரையில் குத்த, மண்டியிட்ட குதிரை மாதிரி சாய்ந்திருந்தது. முன்சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். தரையில் கீறல் படக்கூடாது என்று கவைக்கு அடியில் ஒரு துண்டு விரித்திருந்தான்.

அவள் அழவில்லை. முகத்தைக்கூடக் கழுவாமல் சைக்கிள் கடைக்கு நடந்தாள். ஓடுகிற மாதிரி ஏதாவது ஒன்று, ஓட்டை வண்டியானாலும் சரி, கிடைக்காதா என்று கேட்கத்தான் போனாள்.

கடைக்காரர் நரைத்த தாடிக்காரர், நல்ல மனிதர். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "உங்க உயரத்துக்கு இல்லைம்மா. நேத்து ஒண்ணு இருந்துச்சு, உயரமானவங்க ஓட்டற வண்டி. இப்பதான் ஒரு டச்சுக்காரர் எடுத்துட்டுப் போனார்."

"நேத்தே இருந்துச்சா?"

"ஆமா. கம்பி கேட்டு ஒரு அமெரிக்கர் வந்தாரே, நெட்டையா, அவருக்குக்கூடச் சொன்னேன். அவர் உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் கனம், ஆனா ஏறும். வேணாம்னுட்டார்."

"ஏன் வேணாம்னார்?"

"பொண்டாட்டி வண்டி சும்மாதான் நிக்கப் போகுது, நாளைக்கு அவ மிதிக்கலைன்னார்." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "நீங்கதானா அது?"

"நான்தான்."

அவர் மேஜையில் கிடந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டார்.

விடுதியில் மெட்கா பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். மார்லிஸ் தன் வண்டியையும் தனிச் சக்கரத்தையும் கொண்டுவந்து பின்னால் போட்டாள்.

"அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார்?"

"எப்ப கிளம்பினாரு? எட்டு மணிக்குத்தானே காபி குடிச்சாரு?" மெட்கா மணி பார்த்தாள். "வளைவெல்லாம் கல் பாவினது. அந்த வயசுல பறக்க முடியாது. பிடிக்கணுமா?"

"பிடிக்கணும்."

"அப்ப ஏறுங்க. பெல்ட்டைப் போடுங்க."

எட்டாவது வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரக்கோயில். அங்கே லோவெல் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வேனைப் பார்த்ததும் கையாட்டினான்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? இங்க நிறுத்தாதீங்க, மேல போங்க, மேல!"

மார்லிஸ் இறங்கினாள். "கம்பியைக் கழட்டு."

"என்னது?"

"வாடகை வண்டி இருந்திருக்கு. உன் உயரத்துக்கு. வேணாம்னிருக்கே. எங்கிட்ட இல்லைன்னே."

அவன் முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. "அது தகரம், மார்லிஸ். அந்தத் தகரத்தை மிதிக்கவா அஞ்சாயிரம் மைல் பறந்து வந்தேன்?"

"நான் எதுக்குப் பறந்து வந்தேன்?"

"உன் முட்டியை வெச்சுக்கிட்டு இது ஆகிற காரியமா? பத்தாவது வளைவுல உக்காந்து அழுவே. உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"அப்ப அதைச் சொல்லியிருக்கலாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பே. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

குத்தலாகச் சொல்லவில்லை அவன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். அதோடு அது உண்மையும்கூட. முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு தரம் கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். கொடுத்துவிட்டு அவனைச் சமாதானமும் செய்திருப்பாள். மார்லிஸுக்கு அவன் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

வேனிலிருந்து கருவிப் பையை எடுத்தாள். அவன் கருவிப் பைதான். அவள் பெட்டியில் வந்தது. அவன் வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, புது மூட்டு முனக, கம்பியை முறுக்கிக் கழற்றினாள். அவன் தடுக்கவில்லை. நாலைந்து சைக்கிள்காரர்கள் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். அவர்களுக்கு முன்னால் அவன் புன்னகையோடு நின்றான், ஏதோ மனைவிக்கு வண்டி வேலை கற்றுத் தருகிறவன் மாதிரி.

"என்னைக் கீழ கொண்டுபோய் விடறீங்களா, மெட்கா? மொதல் வளைவுக்கு முன்னால."

"பத்து நிமிஷம். ஆனா நான் மதியத்துக்குள்ள மலைக்கு அந்தப் பக்கம், உங்க அடுத்த ஊர் டிரென்டாவுல மூட்டை இறக்கணும்." மெட்கா லோவெலைப் பார்த்தாள். "நீங்களும் ஏறுங்க சார். முன் சீட்டு காலியாத்தான் இருக்கு."

அவன் சைக்கிளும் சக்கரமும் வேனின் பின்னால் ஏறின. முன் சீட்டில் அவன் முழங்கால் இடித்தது. ஒன்பது வருஷம் அவள் உட்கார்ந்த மாதிரிச் சீட்டு. இறங்கும் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

அடிவாரத்து ஏரிக்கரையில் அவள் சக்கரத்தைப் பூட்டியபோது மட்டும் தலையை வெளியே நீட்டினான். "இறுக்கி முறுக்கு. மலைமேல இருப்பேன். அங்க வந்து பேசிக்கலாம்."

வேன் போய்விட்டது. மார்லிஸ் மிதித்தாள்.

ஏற்றத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மிதித்தவர்களுக்குத் தெரியும், மிதிக்காதவர்களுக்குச் சொன்னால் முட்டிவலியாகத்தான் கேட்கும். கல் பாவிய வளைவுகளில் கை மரத்துப் போனது. பதினோராவது வளைவில் முழங்கால் சூடாகிவிட்டது. பதினாறில் இறங்கித் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு மறுபடி ஏறினாள். இளசுகள் கூட்டமாகக் கடந்து போனபோது ஒரு பெண், "அப்படித்தான்! விடாதீங்க!" என்று கத்திவிட்டுப் போனாள். எல்லாம் அவள் நினைத்த மாதிரித்தான் இருந்தது. ஒன்று மட்டும் நினைக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் கழுத்து தானாகத் திரும்பிப் பின்னால் பார்த்தது. நிலவறையில் ஐந்து மாதமும், பின்னால் ஒருவன் வருகிறான் என்று நினைத்துக்கொண்டேதான் மிதித்திருந்தாள். கால் பழகியதோடு கழுத்தும் பழகிவிட்டது. சாலையில் யாரும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் இருபத்து நாலாவது வளைவிலும் பார்த்தாள்.

உச்சியில் மலைவிடுதி வாசல் பெஞ்சில் லோவெல் உட்கார்ந்திருந்தான். மெட்கா மூட்டைகளோடு முன்னால் போய்விட, அவன் மட்டும் சைக்கிளோடு இறங்கிக் காத்திருந்தான். சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

மார்லிஸ் காலை ஊன்றி நின்றாள். மூச்சு அடங்கவில்லை. அவன் எழுந்து வந்தான். ஒரே ஒரு வார்த்தை. 'ஏறிட்டியே' என்று அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கம்பியை அங்கேயே கழற்றி அவன் கையில் கொடுத்திருப்பாள். அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்ததால் பயந்துகொண்டுதான் அவன் வாயைப் பார்த்தாள்.

"மூணு மணி நேரம் பத்து நிமிஷம்" என்றான் கைக்கடிகாரத்தைப் பார்த்து. "சாப்பாடு முடிஞ்சுபோச்சு, சூப்புதான் இருக்காம். சரி, வா, பலகைகிட்ட நில்லு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு எடுத்துடலாம்."

"நீதான் ஏறலையே, லோவெல்."

அவன் கையில் இருந்த போன் இறங்கியது. அதைப் பைக்குள் போட்டான். பிறகு சாதாரணமாக, கடையில் உப்பு கேட்கிற குரலில் சொன்னான்: "சரி, கம்பியைக் குடு. ஏறணும்னே, ஏறிட்டே. உனக்கு இறக்கம்னா உயிரே போயிடும். இனிமே நான் பாத்துக்கறேன், கண்ணு."

"குடுக்க மாட்டேன்."

"வெளையாடாதே. அந்தப் பக்கம் இருபத்தாறு வளைவு. போன தடவை இத்தாலியில ஒரு சின்ன இறக்கத்துல நீ நடுங்கினது மறந்துபோச்சா?"

"மறக்கலை."

"அப்ப நான் எப்படி டிரென்டா வர்றது?"

"மூணு மணிக்கு பஸ் இருக்குன்னு பலகையில போட்டிருக்கு."

"சைக்கிளை?"

"சக்கரம் தனியாத்தானே இருக்கு. ஏத்தறது சுலபம்."

அவன் பஸ் பலகையைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் அவள் மேட்டைத் தாண்டிவிட்டாள்.

அவன் சொன்னது பொய் இல்லை. இறக்கம் அவளுக்குப் பயம்தான். வண்டி தன்னால் வேகம் பிடித்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கினாள். பின்னால் கார்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒதுங்கிப் போயின. ஏறி முடித்த சந்தோஷம் இப்போது வரும், அடுத்த வளைவில் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. இன்னும் பத்து நாள் பயணம் பாக்கி. பத்து நாளும் ஒரே அறை, ஒரே மேஜை. நாளைக்குக் கம்பி வந்துவிடும். அவன் முன்னால் போவான்.

பாதி வழியில் பஸ் அவளைத் தாண்டியது. கண்ணாடி ஓரம் லோவெல் உட்கார்ந்திருந்தான். மடியில் சக்கரம். அவளைப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன், கையைத் தூக்கவில்லை. பஸ் வளைவில் மறைந்த பிறகு அவளுக்குக் கண் மறைத்தது, பாதை கலங்கியது. துடைத்துக்கொள்ள ஒரு கையை எடுத்தால் பிரேக் விட்டுப்போகும். எடுக்கவில்லை. கலங்கின கண்ணோடேயே, விரல் நோக நோக, அடுத்த வளைவுக்குள் வண்டியைத் திருப்பினாள்.